காலாண்டு லீவில் வெளிநாட்டுத் தன்னார்வ ஆசிரியர்களைக் கடலுக்கு அழைத்துப்போக வேண்டும், எந்தக் கரை நல்லது?

கமுதி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கமுதிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் சம்பளம் எதுவும் வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஜெர்மனிப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, அந்த நாட்டு அரசின் ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டத்தில் ஒரு வருடத்துக்கு வந்தவர்கள். ஒருத்திக்கு 19 வயது, இன்னொருத்திக்கு 20. மூன்றாமவர் அயர்லாந்துக்காரர், தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு மாதத்துக்குத்தான் வந்திருக்கிறார், லீவு முடியும்போது ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

மூன்று பேரும் நன்றாகக் களைத்துப்போயிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் மட்டும் 40 பிள்ளைகள். தகரக் கூரை, மதியத்துக்கு மேல் மின்விசிறி ஓடுவது கரண்டைப் பொறுத்தது. சின்னப் பெண்ணுக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சே வரவில்லை, அப்போதும் பலகையில் எழுதிக் காட்டிப் பாடம் நடத்தினாள். பிள்ளைகளுக்கு இவர்கள் மேல் அவ்வளவு பிரியம். ஞாயிற்றுக்கிழமைகூட இவர்கள் தங்கியிருக்கும் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, கம் அக்கா, ப்ளே” என்று நிற்பார்கள். இவர்களும் முகம் சுளிக்காமல் எழுந்து வருவார்கள். போன வாரம் பெரியவள் என்னிடம், “யாரும் என் பெயரைக் கேட்காத இரண்டு நாள் வேண்டும் டீச்சர், கடலில் இறங்கிக் கிடக்க வேண்டும்” என்றாள். கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

எங்கள் தாளாளர் நல்ல மனசோடு ஒரு திட்டம் போட்டிருக்கிறார். முதல் நாள் ராமேஸ்வரம் கோயில் பிரகாரம், பேக்கரும்பில் கலாம் நினைவிடம். இரண்டாம் நாள் அவருக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பாராட்டு விழா, பொன்னாடை, மாணவர்களோடு கலந்துரையாடல். மூன்றாம் நாள் தனுஷ்கோடியில் குளியல், திரும்பும் வழியில் நேரம் இருந்தால் வாலிநோக்கம். எனக்கு இது ஓய்வு மாதிரித் தெரியவில்லை. அதோடு நான் உள்நாட்டுக்காரி, கிணற்றில்கூட நீந்தத் தெரியாது. மூன்று பேரைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பு என்னுடையது.

செப்டம்பர் கடைசியில் எந்தக் கரை பாதுகாப்பு? பெண்கள் மட்டும் போய் நிம்மதியாகக் குளிக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா? என்ன உடுத்துவது என்றும் பெண்கள் இருவரும் கேட்கிறார்கள். அயர்லாந்து அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார். செலவு ரொம்பவும் தாங்காது. ஒரு வேன், சாதாரண அறை, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி பயணி:

டீச்சர், தனுஷ்கோடியை விட்டுவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. 2017-இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்ட பிறகு ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகும் கஷ்டமும் இல்லை, உங்கள் வேனே கடைசி வரை போகும். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் ரோட்டை அடைத்துவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டாமல் போனால் சரி.

வடக்குக்கடல்:

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் உச்சிப்புளிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா நாட்டுப்படகுத் தொழில், நான் இப்போது உச்சிப்புளியில் கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, காற்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டபத்திலிருந்து பாம்பன், தனுஷ்கோடி வரை நிலம் ஒரு ஒல்லியான நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடக்குக் கடல், தெற்குக் கடல் என்போம். ராமேஸ்வரத்தில் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி பாதிக்கு மேல் வாடை திரும்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் அப்படியே தலைகீழ். வடக்கில் அலை ஏறும், தெற்கே அடங்கும். டிசம்பரில் யாராவது அரியமானுக்கு வந்துவிட்டு, “கடல் அமைதி என்றார்களே, சேறு கலங்கி அடிக்கிறதே” என்று என் கடையில் வந்து கேட்பார்கள். கடல் மேல் தப்பில்லை, வந்த மாதம்தான் தப்பு.

நீங்கள் வருவது செப்டம்பர் கடைசி. கச்சான் முழுசாக ஓயாது. ஆகவே வாலிநோக்கம், ஏர்வாடி, சேதுக்கரை, குந்துகால் எல்லாமே இப்போது பார்க்க மட்டும். குளிக்க வேண்டாம். குந்துகாலில் 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது, அங்கே படியில் உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

அரிச்சல்முனையில் கால் நனைக்கக்கூட நான் சொல்ல மாட்டேன். பரமக்குடி நண்பர் சொன்னதுபோல் பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டு கடலும் ஒன்றை ஒன்று இடிக்கிற இடம். மணல் திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. முழங்கால் ஆழம் என்று நினைத்து இரண்டடி எடுத்து வைத்தால் அடியில் ஒன்றுமே இருக்காது, நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். குளிக்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம், பயமில்லாமல் இறங்கிவிடுவார்கள். ஜெர்மனிப் பெண்கள் சின்ன வயதிலேயே குளத்தில் நீச்சல் கற்றவர்களாக இருப்பார்கள். குளத்து நீச்சல் அங்கே செல்லாது என்று இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது அரியமான். உச்சிப்புளியிலிருந்து கொஞ்ச தூரம்தான், சவுக்குத் தோப்பு கரை வரைக்கும் வந்து நிழல் கொடுக்கும். அந்த மாதத்தில் அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். அயர்லாந்து அம்மா தாராளமாகக் கழுத்து வரை உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் நேரத்தில் கவனம். லீவு நாளில் 11 மணிக்கு மேல் மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். பாட்டுப்பெட்டி, ஒட்டகம், செல்ஃபி எல்லாம் ஆரம்பிக்கும். வெளிநாட்டுப் பெண்கள் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தால் கூட்டம் கூடிவிடும், மறைத்துச் சொல்வதற்கில்லை. காலை 6 மணிக்குத் தண்ணீரில் இருங்கள், 9 மணிக்குக் கரையேறிவிடுங்கள். அந்த நேரத்தில் கரையில் வலை உதறுகிற எங்கள் ஆட்களும் நாலைந்து நாய்களும்தான் இருப்பார்கள். முகப்பில் நிற்காமல் கரையோடு கொஞ்சம் நடந்து போனால் அதுவும் இருக்காது.

தண்ணீரில் இறங்குமுன் இதை மட்டும் பழக்கிவிடுங்கள். காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது, மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். கால் தேய்கிற அதிர்வு தெரிந்தால் அதுவே நழுவிப் போய்விடும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். ரப்பர் செருப்போ நீச்சல் காலணியோ இருந்தால் இன்னும் நல்லது, சிப்பி வெட்டாது.

அப்புறம் சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன். கண்ணாடி மாதிரி மிதக்கும், தண்ணீரில் தெரியாது. அன்றைக்குக் காலையில் கரைக்கு வந்த படகுக்காரரிடம், “அண்ணே, சொறி கிடக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும், உள்ளதைச் சொல்லிவிடுவார். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் வைக்க வேண்டும். திருக்கை அடித்தாலும் சூடு தண்ணீர்தான் முதல் கைவைத்தியம், ஆனால் அதற்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108. கடலில் ஏதாவது என்றால் கடலோரக் காவல் எண் 1093, உங்கள் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

இறங்கலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் வல்லங்களை, அதாவது எங்கள் நாட்டுப்படகுகளைப் பாருங்கள். வழக்கமாகத் தண்ணீர் ஓரத்தில் கட்டிக்கிடக்கும். அவற்றை மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றியிருந்தால் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் அன்று குளியல் கிடையாது.

ட்ரோன் ஏதாவது வைத்திருக்கிறார்களா? இருந்தால் பள்ளியிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் கையில் ட்ரோனைப் பார்த்தால் லீவு முழுக்க விசாரணையில்தான் போகும்.

கடைசியாக, உங்கள் தாளாளர் திட்டத்தைப் பற்றி. அவர் மரியாதைக்காகச் செய்கிறார், புரிகிறது. ஆனால் எங்கள் கரையில் நானே பார்த்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி எங்கிருந்தோ பாடம் நடத்த வந்த ஒரு பெண்ணை ஏதோ விழா முடித்து நேராக அரியமானுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். பட்டுப் புடவை, தோளில் சால்வை, கழுத்தில் மாலை. இருட்டப்போகிற நேரம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். நின்ற உடனே இருபது பேர் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். வேன் ஹாரன் அடித்ததும் ஏறிப் போய்விட்டாள். கடலுக்கு வந்தும் அந்தப் பிள்ளை குளிக்கவே இல்லையே என்று என் மனைவி இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தயவுசெய்து பாராட்டு விழாவைப் பள்ளியிலேயே இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று நாளும் அவர்கள் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கமுதி டீச்சர்:

அண்ணா, எவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. காற்று விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. வாலிநோக்கம் எங்களுக்குப் பக்கம் என்பதால்தான் திட்டத்தில் இருந்தது, அதை எடுத்துவிடுகிறேன். தாளாளரிடமும் பேசுகிறேன்.

இரண்டு சந்தேகம். மூன்று நாளும் அரியமான் ஒன்றே போதுமா, வேறு எங்காவது போகலாமா? உடை விஷயத்தையும் யாராவது பெண்கள் சொன்னால் நல்லது. இவர்கள் கொண்டுவந்திருப்பது ஊரில் போடுகிற நீச்சலுடைதான். “இங்கே போட்டால் யாருக்காவது மனசு புண்படுமா?” என்று அவர்களே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பாம்பன் பாசி:

டீச்சர், உடை விஷயத்தை நான் சொல்கிறேன். நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. என் அம்மா கடல்பாசி எடுக்கிறவர், நானும் கல்யாணம் ஆகும்வரை கூடப் போவேன். பகலில் பாதி நேரம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற பெண்கள் நாங்கள். நாங்கள் என்ன போடுகிறோம் தெரியுமா? புடவையை இறுக்கிக் கட்டி அதற்கு மேல் வீட்டு ஆம்பிளை சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் நீச்சல் கண்ணாடி. பாறையில் பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் அந்தத் துணி ஊறி, சாயங்காலம் அவிழ்க்கும்போது தோலும் சுருங்கிப்போயிருக்கும்.

அதனால் உங்கள் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டு, மேலே கறுப்பு அல்லது அடர்ந்த நிறத்தில் முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே வருகிற லெக்கின்ஸும் போடட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், நனைந்தால் உடம்பில் ஒட்டும். துப்பட்டாவும் வேண்டாம், தண்ணீரில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும், அது பெரிய ஆபத்து. இதை மனசு புண்படும் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் கரை வெயில் தண்ணீரில் பட்டு மேலேயும் அடிக்கும். வெளுத்த தோல் அரை மணியில் சிவந்து கொப்பளித்துவிடும். முழுக்கை போட்டால் வெயிலுக்கும் ஆச்சு, பார்வைக்கும் ஆச்சு. கரையேறினதும் போர்த்திக்கொள்ள ஒரு பெரிய துண்டு, மாற்றுத் துணி, நல்ல தண்ணீர் இரண்டு கேன். குளித்துவிட்டு உப்பைக் கழுவாமல் அப்படியே வேனில் ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும்.

உடை மாற்ற இடம் இல்லை என்றால் பக்கத்தில் இருக்கிற வீட்டில் கேளுங்கள். “அக்கா, பிள்ளைக துணி மாத்திக்கிறட்டுமா?” என்று கேட்டால் கடற்கரைக் கிராமத்தில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். டீத்தண்ணி வேறு போட்டுக் கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் நான் சொல்லியே ஆக வேண்டும். கரையில் பவளப்பாறைத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும், வெள்ளை வெளேரென்று பூ மாதிரி இருக்கும். ஆசையாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். எடுக்கக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, செத்த துண்டானாலும் சட்டம் சட்டம்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்த அயர்லாந்து அம்மாவுக்கு எவ்வளவு சங்கடம். தீவுக்குக் கூட்டிப்போகிறேன், காசு கொடு என்று யாராவது படகில் ஏறச் சொன்னாலும் ஏறாதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த எங்களுக்கே அங்கே கட்டுப்பாடு. அந்த வலி எங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகள் அதில் மாட்ட வேண்டாம்.

பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டால் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்தான் எங்களுக்குத் தொழில். மற்ற நாளில் கரையில் பாசியைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், வந்து பேசலாம். மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையில் எடுத்துக் காட்டுகிறேன். அவர்கள் ஊரில் சாப்பிடுகிற ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் பாசியிலிருந்து எடுக்கிற பொருளைச் சேர்க்கிறார்களாம், அதை அவர்களிடமே கேட்கணும். கேமராவை மட்டும் முதல் அரை மணி நேரம் பைக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை வாசி:

டீச்சர், தங்குகிற விஷயத்தில் ஒன்று. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அந்த இடத்துக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். சி படிவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சின்ன லாட்ஜ் பலதில் இந்த வசதி கிடையாது. இரவு 9 மணிக்குப் போய் நின்றால், “ஃபாரினருக்கு ரூம் இல்லை” என்று கதவைச் சாத்திவிடுவார்கள். இது எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கே நடந்தது, நடுராத்திரியில் ஊர் ஊராகச் சுற்றினோம். முன்கூட்டியே போன் செய்து, “வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர், படிவம் பதிவீர்களா?” என்று நேராகக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும், நகலும் இரண்டு செட் வேண்டும். மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை இலங்கைக்குப் பக்கத்துக் கடல் என்பதால் போலீஸ், கடற்படை இரண்டுமே கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, காட்டினால் போதும்.

பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புரட்டாசியில் மகாளய அமாவாசை வரும். அன்றைக்கு அக்னி தீர்த்தம், தேவிபட்டினம், சேதுக்கரை எல்லா இடத்திலும் தர்ப்பணத்துக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும். ராமேஸ்வரம் ரோட்டில் வேன் நகராது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளும் அரியமானா என்று கேட்டீர்கள். நீச்சல் தெரியாத அம்மாவுக்காக ஒரு நாள் காரங்காட்டுக்குப் போங்கள். தேவிபட்டினம் தாண்டி, தொண்டி போகிற ரோட்டில் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், உயிர்காப்பு உடுப்பு கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். காட்டு நிழலில் வாய்க்கால் மாதிரி வழியில் மெதுவாகப் போகும், கொக்கும் நாரையும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சாப்பாடு வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஊர்ப் பெண்கள் நண்டும் கணவாயும் சமைத்து வைப்பார்கள். காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நம்ம முண்டு மிளகாய் அவர்களுக்குத் தாங்காது.

நேரம் இருந்தால் கீழக்கரை வழியாக வாருங்கள். தொதல் வாங்கிக் கொடுங்கள், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டினது. ஊருக்குத் திரும்பும் அம்மா பெட்டியில் எடுத்துப்போனாலும் சில நாள் தாங்கும்.

வடக்குக்கடல்:

கீழக்கரைக்காரர் சொன்ன காரங்காடு நல்ல யோசனை. சின்னப் பெண்கள் இரண்டு பேரும் சும்மா கிடக்க மாட்டார்கள் என்றால் பிரப்பன்வலசையும் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கம்தான், அதுவும் வடக்குக் கடல். கயாக், நின்றபடியே துடுப்பு போடுகிற பலகை எல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தடவை மாணவிகளாக இருந்து பார்க்கவும் வாய்ப்பு. காலையில் முதல் ஆளாகப் போகச் சொல்லுங்கள், 10 மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், பலகையில் நிற்பது கஷ்டம்.

தனுஷ்கோடிக்குக் குளியல் இல்லாமல் ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள். அம்மாவும் பெண்களும் மணலில் நடக்கட்டும். பூநாரைக் கூட்டம் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், அது குளிர்காலத்தில் வரும். ஜெர்மனிப் பெண்கள் ஒரு வருடம் இருக்கிறார்கள் அல்லவா, பொங்கல் லீவுக்கு மறுபடி கூட்டி வாருங்கள். அப்போது தெற்குக் கடலும் அடங்கியிருக்கும், தனுஷ்கோடிப் பக்கம் ஆமை முட்டையிட வருகிற காலமும் தொடங்கியிருக்கும்.

கமுதி டீச்சர்:

எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். இன்று மதிய இடைவேளையில் தாளாளரிடம் உட்கார்ந்து பேசினேன். வடக்குக்கடல் அண்ணன் சொன்ன அந்தச் சால்வைப் பெண்ணின் கதையை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “சரிம்மா, பொன்னாடையைப் பள்ளித் திறப்பு நாளில் பிள்ளைகள் கையாலேயே போடச் சொல்லுவோம்” என்றார். அந்த அம்மா அதற்குள் கிளம்பிவிடுவார் என்று நினைவுபடுத்தினேன், லீவு விடுகிற அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்.

இப்போதைய திட்டம் இதுதான். முதல் நாள் மதியம் கிளம்பி உச்சிப்புளிப் பக்கம் தங்கல், இரண்டாம் நாள் விடியற்காலை அரியமான், மதியம் தூக்கம், சாயங்காலம் வேண்டியவர்கள் மறுபடி கடலுக்கு. மூன்றாம் நாள் பெண்கள் பிரப்பன்வலசை, நானும் அம்மாவும் கரையில். அம்மாவுக்காகக் காரங்காட்டையும் சேர்க்க வேண்டும், ஒரு நாள் கூடக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் தனுஷ்கோடி, இல்லையென்றால் பொங்கலுக்கு. அறைக்குப் போன் செய்து படிவம் பதிவார்கள் என்று உறுதி செய்துவிட்டேன். பெண்கள் அடர்நீலத்தில் முழுக்கைச் சட்டை வாங்க நாளை பரமக்குடிக்குப் போகிறார்கள்.

பாம்பன் அக்கா, பெரியவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். பாசி எடுக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். பாடம் எதுவும் எடுக்கச் சொல்ல மாட்டார்களே என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டாள். எந்த நாள் வரலாம்?

பாம்பன் பாசி:

தனுஷ்கோடி போகிற நாளில் பாம்பனில் இறங்குங்கள் டீச்சர், காலையிலேயே வந்தால் அம்மாவும் வீட்டில் இருப்பார். வருவதற்கு முந்தின நாள் இங்கேயே ஒரு வரி போடுங்கள். நாலு பேருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், வேறு எங்கும் சொல்லி வைக்க வேண்டாம். மீன் குழம்பு தனியாக உறைப்பு இல்லாமல் வைக்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தொண்டை சரியாகிவிட்டதா? ஆகவில்லை என்றால் சொல்லுங்கள், பனங்கற்கண்டும் மிளகும் பொடித்து வைக்கிறேன்.